செல் தன் பிழைகளை எப்படித் திருத்துகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல் பிரிதல் பற்றிய கட்டுரைக்குப் பிறகு கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலரும் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

செல் பிரியும்போது மூல டி.என்.ஏ ஒரு செல்லிலும் நகல் இன்னொரு செல்லிலும் சேருமா?
– பிளஸ் டூ மாணவி, விருத்தாசலம்

இல்லை. இரண்டு செல்களுக்கும் பாதி பழையது, பாதி புதியது. டி.என்.ஏவின் இரு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புதிய இழை உருவாகிறது. டி.என்.ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை விளக்கிய வாட்சனும் கிரிக்கும் 1953இல் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். நிரூபித்தவர்கள் மெசல்சனும் ஸ்டாலும், 1958இல். பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்துவிட்டு, சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றினார்கள். அதன் டி.என்.ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினால், அடர்த்திக்கு ஏற்ற மட்டத்தில் பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தபோது ஒரே ஒரு பட்டை, கனமானதற்கும் லேசானதற்கும் நடுவில். மூலம் அப்படியே தங்கியிருந்தால் இரண்டு பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் நடுப்பட்டையும் லேசான பட்டையும் சம அளவில் இருந்தன. முதல் தலைமுறையோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் எந்தச் சந்தேகம் தீராமல் இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். பரிசோதனையின் அருமை அங்கேதான் இருக்கிறது.

ஒரு செல்லில் 2 மீட்டர் நீள டி.என்.ஏ இருக்கிறதாம். அதை முழுவதும் நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?
– ஓய்வுபெற்ற பொறியாளர், ஈரோடு

மனித செல்லில் ஏறத்தாழ 8 மணி நேரம். இதில் நீங்கள் ரசிக்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. டி.என்.ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் அலகுகளை எழுத்து என்று சொல்வோம். நம் செல்களில் நகலெடுக்கும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 50 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது மிகப் பெரிய குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்து இணைகள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போவதென்றால் இரண்டு மாதம் ஆகிவிடும். அதனால்தான் செல் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது.

இத்தனை இடங்களில் தொடங்கினால் இன்னொரு ஆபத்து வரும். எந்த இடமும் இருமுறை தொடங்கிவிடக் கூடாது. தொடங்கினால் அந்தப் பகுதி மட்டும் பெருகி, செல்லின் மொத்த டி.என்.ஏ தொகுப்பான ஜீனோம் குலைந்துவிடும். இதற்குச் செல்லின் ஏற்பாடு கறாரானது. இழைகளைப் பிரிக்கும் எம்.சி.எம் என்ற வளையங்கள், நகலெடுப்பு தொடங்குவதற்கு முன்பே டி.என்.ஏமீது ஏற்றி வைக்கப்படுகின்றன. ஆனால் அப்போது அவை இயங்குவதில்லை. நகலெடுப்பு தொடங்கியதும் அவை இயங்கும்; ஆனால் புதிதாக ஒரு வளையத்தைக்கூட ஏற்ற முடியாது. செல் பிரிந்து முடிந்த பிறகே அந்தத் தடை நீங்குகிறது.

ஐயா, ஒரு இழை தொடர்ச்சியாகவும் மற்றொன்று துண்டு துண்டாகவும் உருவாவதைப் பாடத்தில் நடத்துகிறோம். "இரு திசையிலும் ஓடும் பாலிமரேஸ் நொதியை இயற்கை ஏன் உருவாக்கவில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்ன சொல்வது?
– உயிரியல் ஆசிரியர், தென்காசி

அந்த மாணவனைப் பாராட்டுங்கள். பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

டி.என்.ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஓர் இழையின் இரு முனைகளை 5', 3' என்று குறிப்பார்கள். புதிய இழையை எழுதும் நொதியான பாலிமரேஸோ 5' முனையிலிருந்து 3' முனையை நோக்கி மட்டுமே இழையை நீட்டும். ஆகவே ஒரு பக்கம் தடையின்றி நீள்கிறது. மறுபக்கம், பின்தங்கும் இழை எனப்படுவதில், பின்னோக்கிச் சிறு சிறு துண்டுகளாக எழுத வேண்டியிருக்கிறது. பாக்டீரியாவில் ஒரு துண்டு 1000 முதல் 2000 எழுத்து. நம்மிடம் 100 முதல் 200 எழுத்துதான். ஒவ்வொரு துண்டுக்கும் ஆர்.என்.ஏ தொடக்கி ஒன்று வேண்டும், பிறகு அதை நீக்க வேண்டும், இடைவெளியை நிரப்ப வேண்டும், லிகேஸ் நொதி வந்து ஒட்ட வேண்டும். ஒரு மனித செல் ஒருமுறை பிரிவதற்கு இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள் தேவை.

இவ்வளவு சிரமம் ஏன்? எழுத்தைச் சேர்க்கத் தேவையான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புதிதாக வரும் எழுத்து, அதாவது நியூக்ளியோடைடு, மூன்று பாஸ்பேட்டுகளைத் தானே சுமந்து வருகிறது. அவற்றில் இரண்டு கழன்றுபோகும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் அது இழையோடு இணைகிறது. இப்போது தவறான எழுத்து ஒன்று சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலிமரேஸ் அதை வெட்டி எறிகிறது. எந்த நட்டமும் இல்லை. அடுத்து வரும் எழுத்து தனக்கான ஆற்றலைத் தானே கொண்டுவரும்.

திசை மாறியிருந்தால், அந்த மூன்று பாஸ்பேட்டுகளும் வளரும் இழையின் முனையில் இருந்திருக்கும். தவறான எழுத்தை வெட்டினால் ஆற்றலும் அதோடு போய்விடும். அடுத்த எழுத்து வந்தாலும் ஒட்டாது. இழை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆக, எதிர்த்திசையில் எழுதுவதும் எழுதும்போதே மெய்ப்புப் பார்ப்பதும் ஒத்துப்போகாதவை. துண்டுகளை ஒட்டும் பெரும் சுமையைச் செல் சுமப்பது, அழித்துத் திருத்தும் வசதியை விட்டுவிடாமல் இருக்கத்தான். ஜீனோம் நிலையாக இருப்பதன் அடிப்படையே இந்தத் திருத்தம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிழையே செய்யாத நொதி எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். இந்தச் சிறு துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுகள் என்று பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அவற்றை 1960களில் நகோயா பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் ரெய்ஜி ஒகசாகி, ட்சுனெகோ ஒகசாகி தம்பதியர். பாக்டீரியாவுக்குச் சில நொடிகள் மட்டும் டி.என்.ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினைக் கதிரியக்க வடிவில் கொடுத்துப் பார்த்தபோது, புதிய டி.என்.ஏ சிறு துண்டுகளாகவே இருந்தது. நேரம் கூடியபோது அவை நீண்ட இழைகளாகச் சேர்ந்துவிட்டன. ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். இளவயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆய்வை ட்சுனெகோ தொடர்ந்தார்.

என் தாத்தா, அப்பா, அத்தை மூவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. அப்பாவுக்கு 43 வயதிலேயே. இதற்கும் நகலெடுப்புப் பிழைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சேலம்

இருக்கலாம். உங்கள் கடிதத்தை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

எழுத்தைத் தேர்வு செய்யும்போது பாலிமரேஸ் ஏறத்தாழ லட்சத்துக்கு ஒரு பிழை செய்கிறது. அதுவே மெய்ப்புப் பார்ப்பதால் பிழை கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. அதையும் தாண்டி நழுவியவற்றைப் பொருந்தாமைச் சீரமைப்பு என்ற தனிப் புரதக் குழு பின்னாலேயே வந்து திருத்துகிறது. முடிவில் நூறு கோடிக்கு ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. இரண்டு எழுத்துகள் பொருந்தவில்லை என்றால் எது தவறு என்று இந்தக் குழுவுக்கு எப்படித் தெரியும்? ஈ.கோலை பாக்டீரியாவில் பழைய இழையில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் இருக்கும். புதிய இழையில் அவை சற்றுத் தாமதமாகத்தான் விழும். இதை விளக்கியதற்காகப் பால் மோட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நமது செல்களில் அந்தக் குறி கிடையாது. புதிய இழையில் இன்னும் ஒட்டப்படாத வெட்டுகளே அடையாளமாக உதவுகின்றன.

எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய மரபணுக்கள் இந்தக் குழுவின் புரதங்களை உருவாக்குபவை. இவற்றில் ஒன்றின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் லிஞ்ச் நோய்க்குறி. குடலில் ஏதோ ஒரு செல் மீதமுள்ள நல்ல பிரதியையும் இழந்துவிட்டால், அங்கே பிழைகள் வேகமாகக் குவியும். இரண்டு தலைமுறைகளில் மூவர், அதில் ஒருவருக்கு 50 வயதுக்குள் என்பது மருத்துவர்கள் இதைச் சந்தேகிக்கும் வரலாறு. அப்பாவின் கட்டித் திசு பாதுகாக்கப்பட்டிருந்தால் இந்த நான்கு புரதங்களையும் அதில் சோதிக்கலாம். மரபியல் ஆலோசகரை நேரில் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். பழுது உறுதியானால் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (பெருங்குடலின் உட்புறத்தைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) செய்து, கட்டியை முளையிலேயே அகற்ற முடியும். வீட்டுப் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு. அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

செல் பிரியாமல் சும்மா இருக்கும்போது டி.என்.ஏ பத்திரமாக இருக்குமா?
– கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

இருக்காது. அதைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரே அதைச் சிதைக்கும். ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் தாமாகவே உதிர்கின்றன என்று தாமஸ் லிண்டால் கணக்கிட்டார்; 2015 நோபலில் அவருக்கும் பங்கு உண்டு. டி.என்.ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் அவ்வப்போது, ஆர்.என்.ஏவுக்கு உரிய யுராசில் என்ற எழுத்தாக மாறுவதும் நடக்கிறது. டி.என்.ஏவில் யுராசிலுக்குப் பதில் தைமின் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: யுராசில் தென்பட்டாலே அது பழுது என்று சீரமைப்பு நொதி அடையாளம் கண்டு வெட்டிவிடுகிறது.

டெலோமியரை நீளமாக்கி இளமையைத் தரும் காப்ஸ்யூல் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– இல்லத்தரசி, மதுரை

வேண்டாம். டெலோமியர் என்பது குரோமோசோம் முனையின் காப்பு. நகலெடுப்பு கடைசி நுனிவரை போக முடியாததால் செல் பிரியப் பிரிய அது குறுகும் என்பது உண்மை. அதை நீட்டும் டெலோமரேஸ் நொதியை 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டறிந்தார்கள் என்பதும் உண்மை. விளம்பரம் சொல்லாமல் விடுவது இதுதான்: நம் உடலின் பெரும்பாலான செல்களில் அந்த நொதி அணைந்தே இருக்கிறது, பெரும்பாலான புற்றுநோய் செல்களோ அதை மீண்டும் இயக்கிக்கொண்டுதான் சாகாமல் பெருகுகின்றன. அந்தப் பணத்துக்குப் பழம் வாங்குங்கள்.

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் பழுது இருப்பதால் ஓலபாரிப் மாத்திரை தருகிறார்கள். பழுதை வைத்தே மருந்தா? புரியவில்லை.
– மகள், கோயம்புத்தூர்

டி.என்.ஏவின் இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் ஆபத்து பெரிது. அப்போது பக்கத்தில் இருக்கும் நகலைப் பார்த்து எழுத்து பிசகாமல் இணைக்க பி.ஆர்.சி.ஏ புரதங்கள் வேண்டும். அம்மாவின் கட்டி செல்களில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒற்றை இழை அறுபடும்போது சரிசெய்ய உதவும் பார்ப் என்ற நொதியை ஓலபாரிப் முடக்கி, டி.என்.ஏமீதே சிக்கவைக்கிறது. நகலெடுப்பு அந்த இடத்துக்கு வந்து மோதும்போது சிறு வெட்டு இரட்டை அறுபடலாக மாறுகிறது. நல்ல செல்லில் பி.ஆர்.சி.ஏ இருப்பதால் அது தப்பிக்கிறது. கட்டி செல்லுக்கு இரண்டு வழியும் இல்லை, அது இறக்கிறது. 2005இல் பிரிட்டனின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்ட இந்த வழி, 2014இல் மருந்தாக அனுமதி பெற்றது. சில கட்டிகள் காலப்போக்கில் பி.ஆர்.சி.ஏ திறனை மீட்டுக்கொண்டு மருந்தை எதிர்ப்பதும் உண்டு. அதனால் பரிசோதனைக்குப் போகும் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

அம்மாவின் பழுது பிறவியிலேயே வந்ததா, கட்டியில் மட்டும் தோன்றியதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறவியில் வந்தது என்றால் உங்களுக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தம்பி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்கள் வழியாகவும் இது பிள்ளைகளுக்குப் போகும் என்பதால் அவரையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.