வாங்கிய சின்னச் சில்லு ஹொண்டா எந்த மொடல்? எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடியிருப்பில் கொட்டிலுக்குள் கிடந்த சின்னச் சில்லு ஹொண்டா ஒன்றை வாங்கிவிட்டேன், என்ன மொடல், எப்படித் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். படம் போடவில்லை. ஆனாலும் 10 அங்குலச் சில்லு, கால் நுழைக்கிற தாழ்ந்த பொடி, சீற்றுக்குக் கீழே ராங்கி, கிளச் லீவர் இல்லை என்றால் அது ஹொண்டா சாலி (Chaly) தான். ஜப்பானில் 1972இல் வந்த மொடல்.

சாலியில் 50 சிசி, 70 சிசி என்று இரண்டு எஞ்சின் உண்டு. உங்களுடையது 50ஆ 70ஆ என்பதைப் பெயின்றையும் ஸ்ரிக்கரையும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். செசி நம்பர் சி.எஃப்.50 அல்லது சி.எஃப்.70 என்று தொடங்கும். எஞ்சின் நம்பர் இடப்பக்கம் கீழே இருக்கும், கிறீஸையும் மண்ணையும் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் தெரியும். அது சி.50, சி.70 என்று தொடங்கினால் ஹொண்டா கப் எஞ்சின், மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாற்றினது குற்றமில்லை, ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில், அதாவது புக்கில், இருக்கிற நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். புக்கே இல்லையென்றால் முதலில் அந்த அலுவலைப் பாருங்கள். இடப்பெயர்வில் புக் தொலைத்தவர்கள் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். விற்றவரிடம் பழைய நம்பர் பிளேற்றாவது இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையாளரைத் தேடலாம். இது முடியாமல் சாமான் வாங்கக் காசு இறைக்காதீர்கள்.

சிலிண்டரைக் கழற்றினால் சந்தேகம் தீரும். 50க்கும் 70க்கும் ஸ்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 41.4 மில்லிமீற்றர். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 39 என்றால் 49 சிசி, 47 என்றால் 72 சிசி. பிஸ்டன் தலையில் 0.25, 0.50 என்று அடித்திருந்தால் ஏற்கெனவே போர் அடித்த, அதாவது உள்ளே கடைந்து பெருப்பித்த சிலிண்டர். 1.00 வரை போயிருந்தால் இனி அடிக்க இடமில்லை. புதுப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத்துக்குப் போக வேண்டும், அதை அளந்துதான் அடிப்பார்கள்.

இனி வன்னி வண்டிக்கே உரிய விசயம். யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த எஞ்சின்கள் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினவை. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அதற்காகச் சிலர் சிலிண்டருக்குக் கீழே மேலதிகக் காஸ்கெற்றோ அலுமினியத் தகடோ வைத்துக் கொம்பிரெசனைக் குறைத்தார்கள். சிலிண்டர் அடியில் விளிம்பைப் பாருங்கள், தடிப்பாகப் பளபளத்தால் அதுதான். அதோடு பெற்றோலில் ஓட்டினால் இழுவை இராது. சிலிண்டர் உயர்ந்ததால் கேம் செயின் ரைமிங்கும், அதாவது வால்வு திறந்து மூடுகிற நேரமும், பிந்திப்போயிருக்கும். தகட்டை எடுத்துவிட்டு ஒற்றைக் காஸ்கெற் போட்டு, ஃபிளைவீலில் 'ரி' (T) குறி நேரே நிற்கும்போது கேம் சில்லின் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே வருகிறதா பாருங்கள்.

எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள்ளும் இறங்கும். இந்த எஞ்சினுக்குக் கடதாசி ஃபில்ரர் கிடையாது. வலப்பக்கக் கவரைக் கழற்றினால் கீழே ஒரு கம்பிவலை, கிளச்சின் முகப்பில் ஒரு வட்ட மூடி. அந்த மூடியின் ஸ்குரூக்கள் தலை தேய்ந்துதான் இருக்கும், சாதாரண ஸ்குரூ டிரைவரால் திருகினால் முழுதாக வழுகிவிடும். அடிக்க அடிக்கத் திருகுகிற இம்பாக்ற் டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். உள்ளே தார் போல ஒட்டிக்கிடக்கிற கறுப்பைச் சுரண்டியெடுத்து, புது ஒயில் 0.8 லீற்றர் விடுங்கள். கூட விடக்கூடாது.

இந்த இடத்தில் "இவ்வளவு பாடு ஏன், லீசிங்கில் புதுசு எடுக்கலாமே" என்று ஆட்கள் வருவார்கள். வாருங்கள். வங்கிக்கு முன்னால் லீசிங் கந்தோர் வந்து உட்கார்ந்த ஊர்களில் மாதாந்தக் கட்டுக் கட்டமுடியாமல் வண்டியையும் கட்டின காசையும் சேர்த்து இழந்தவர்களைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். பழசைத் திருத்துவது மலிவு என்று நான் சொல்லவில்லை, கடன் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இனிச் செற்றிங்: இரண்டு ரப்பெற்றின் (வால்வின்) இடைவெளியும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றர். பொயின்ற் (பிளக்குக்குக் கரண்டை வெட்டிவிடுகிற சுவிச்) இடைவெளி 0.3 இலிருந்து 0.4, ஃபிளைவீலின் 'எஃப்' (F) குறியில் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் இடைவெளி 0.6 இலிருந்து 0.7. கரண்ட் 6 வோல்ற். 12 வோல்ற் பல்ப் போட்டுவிட்டு வெளிச்சம் காணாது என்று கொயிலைக் குறைசொல்லாதீர்கள்.

ரயர் 3.50-10. பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்கும் அதே அளவுதான், தேடியலையத் தேவையில்லை. ஆனால் றிம் இரண்டு பாதியாக நட்டால் பூட்டினது. காற்றை முழுதாக இறக்கி, வால்வையும் கழற்றின பிறகுதான் அந்த நட்டுகளில் சாவி வைக்க வேண்டும். காற்றோடு கழற்றினால் றிம் முகத்துக்குத்தான் வரும். பூட்டும்போது ரியூப் இரண்டு பாதிக்கும் நடுவில் நசியாமல் கொஞ்சம் காற்று விட்டுப் பூட்டுங்கள்.

பெயின்ற் கடைசி வேலை. அதற்கு முன் பொடியின் உட்பக்கத்தையும் பற்றறிப் பெட்டியடியையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் தகடு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். மேலால் பட்டி பூசினால் அடுத்த மாரிக்குள் பொருமிவிடும்.