டிரையர் பக்கத்தில் மாட்டிய காந்தம் ஏன் சோர்ந்துபோனது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்பு பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "தூளில் கலக்கும் இரும்புத் துகளைப் பிடிக்க நியோடிமியம் காந்த பார் வாங்கி, டிரையரை ஒட்டி சூடு படும் இடத்தில் மாட்டினோம். அங்கே 110 டிகிரிக்கு மேல் போகாது. இந்தக் காந்தம் 312 டிகிரி வரை தாங்கும் என்று படித்தேன். ஆனாலும் ஒரே சீசனில் இழுப்பு பாதியாகிவிட்டது. போலிச் சரக்கா?"

போலி என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். 312 என்பது கியூரி வெப்பநிலை, அதைத் தாண்டினால் அந்தப் பொருள் காந்தமாகவே இருக்காது. அதற்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதும் இல்லை.

உங்கள் பாரில் இருப்பது இரண்டு நியோடிமியம், 14 இரும்பு, ஒரு போரான் என்ற விகிதத்தில் அமைந்த போரைடு, அதாவது போரான் சேர்ந்த சேர்மம். இதன் படிக அலகு ஒரு செவ்வகப் பெட்டி, அடிப்பக்கம் 8.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு), உயரம் 12.2, உள்ளே 68 அணுக்கள். இழுக்கும் பலம் முக்கியமாக இரும்பு அணுக்களிடமிருந்து வருகிறது. அந்தப் பலம் பெட்டியின் உயரத் திசையிலேயே நிற்கும்படி பிடித்துவைப்பது நியோடிமியம், ஏனென்றால் அதன் உள் எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பதால், சுற்றியுள்ள அணுக்களின் மின்புலத்தில் அது நினைத்தபடி திரும்ப முடியாது. போரானுக்குக் காந்த குணம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாமல் இந்த அமைப்பே வராது. போரான் சேராமல், இரண்டு நியோடிமியத்துக்குப் பதினேழு இரும்பு என்று அமைந்த கலவையின் கியூரி வெப்பநிலை ஏறக்குறைய 57 டிகிரிதான், காந்தத் திசையும் படுத்துக்கொள்ளும்.

சரி, சூடு ஏறினால் என்ன ஆகிறது? இரும்பின் ஒழுங்கு நிதானமாகத்தான் குறையும், நியோடிமியத்தின் பிடி அதற்கு வெகுமுன்பே தளர்ந்துவிடும். டிகிரிக்கு இழுப்பு சுமார் 0.12 சதவீதம் குறைந்தால், எதிர்ப்புலத்தை, அதாவது காந்தத்தை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும் புலத்தை, தாங்கும் திறன் சுமார் 0.6 சதவீதம் குறைகிறது. அதனால் 110 டிகிரியில் அந்தத் திறன் பாதிக்குக் கீழே போய்விட, சாதாரண கிரேடாக இருந்தால் காந்தத்தின் சொந்த எதிர்ப்புலமே பல பகுதிகளைத் தலைகீழாகத் திருப்பிவிடும், ஆறின பிறகும் அவை திரும்பி வராது. N42 மாதிரி எண்ணோடு நின்றுவிடும் கிரேடுக்கு எல்லை சுமார் 80 டிகிரி, பின்னால் எம் (M) இருந்தால் 100, எச் (H) இருந்தால் 120, எஸ்எச் (SH) இருந்தால் 150. ஆக, பில்லில் அந்த எழுத்தைத் தேடுங்கள். மேல் கிரேடுகளில் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகம் சேர்ப்பார்கள், அதன் காந்தத் திசை இரும்புக்கு எதிராக நிற்பதால் இழுப்பு கொஞ்சம் குறையும், விலையோ ஏறும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு, நம் மலையில் அதுதான் எனக்குக் கவலை. ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்த ஈரம், அதோடு பாரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம். ஸ்டீல் குழாயின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஈரம் உள்ளே போய், காந்தத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே இருக்கும் நியோடிமியம் மிகுந்த பகுதியைத் தின்றுவிடும், காந்தம் பொடிப்பொடியாகக் கொட்டும். குழாய் உப்பியிருந்தால், ஆட்டும்போது உள்ளே சரசரத்தால், பாரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நன்றாக இருந்து இழுப்பு மட்டும் குறைந்திருந்தால் படிகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, விற்றவரிடமே மறுபடி காந்தமேற்றச் சொல்லலாம்.

ஆனால் அதே இடத்தில் மாட்டினால் அதே கதைதான். தூள் ஆறின பிறகு, சலிப்பதற்கு முன் உள்ள தட்டுக்கு மாற்றுங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஃபெரைட் என்ற சாதாரண கருப்புக் காந்தத்துக்குப் போகாதீர்கள்: இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர் பற்கள் தேய்ந்து விழும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துகளின் காந்த குணம் மிகக் குறைவு, ஃபெரைட்டின் இழுப்பு அதற்குப் போதாது. சூடான இடத்திலேயே வைத்தாக வேண்டும் என்றால் எஸ்எச் கிரேடோ சூடு தாங்கும் சமேரியம் கோபால்ட் காந்தமோ கேளுங்கள். அப்புறம், குழாயில் விரிசல் தெரிந்தால் நீங்களே வெல்டு வைக்காதீர்கள், உள்ளிருக்கும் பொடி தீப்பிடிக்கக்கூடியது.