கேள்வி-பதில்: கார்டு ஓடும், டிரைவர் ஓடுமா?

கேள்வி: கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பழைய ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஐந்து வருஷம் தாங்குமா? எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட்.

பதில்: கார்டு தாங்கலாம், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் தாங்காது. 1060 என்பது 2016-இல் வந்த பாஸ்கல் என்ற சில்லுக் குடும்பம். அதற்குப் புது வசதிகளோடு டிரைவர் தருவதைத் தயாரிப்பாளரான என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கொருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். மென்பொருள்கள் கார்டிடம் கணக்கு வேலை வாங்க என்விடியா தரும் குடா தளத்தின் 13-ஆம் பதிப்பிலும் பாஸ்கலுக்கு இடமில்லை. ஆக, எடிட்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பு என்றைக்குப் புது டிரைவர் கேட்கிறதோ, அன்றைக்கு உங்கள் கார்டு அதன் கண்ணில் படாது. ரெண்டர் முழுவதும் சிபியு தலையில் விழும்.

கார்டின் வயதைப் பில் தேதியிலிருந்து எண்ணாதீர்கள். சில்லுக் குடும்பம் பிறந்த வருஷத்திலிருந்து எண்ணுங்கள். வேகத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 2016-இன் வேகமான 1080-க்குப் புது டிரைவர் நின்றுவிட்டது; 2019-இன் 1650 டூரிங் குடும்பம் என்பதால் அதற்கு நிற்கவில்லை. இதைவிடக் கொடுமை, ஜிடி 710 இன்னும் சீல் உடைக்காத பெட்டியில் விற்பனைக்கு வருவது. அதன் கெப்ளர் குடும்பத்துக்கு 2021-லேயே கதவடைத்தாயிற்று.

உங்கள் வேலைக்கு ஆர்டிஎக்ஸ் 5050, 8 ஜிபி பாருங்கள். 2025-இன் குடும்பம், கேமராவில் 10-பிட் 4:2:2-வில் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்ததையும் நேரடியாகப் பிரித்து ஓட்டும், முந்தைய 40 வரிசைக்கு அது வராது. 130 வாட் இழுக்கும், 8 பின் கேபிள் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த கேபிள் இல்லையென்றால் பழைய நாலு பின் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து அடாப்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள், பின் கருகும். அப்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், அல்லது மதர்போர்டு ஸ்லாட் தரும் மின்சாரமே போதுமான 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி எடுங்கள். இந்த 6 ஜிபி 3050 கடைக்கு வந்தது 2024 என்றாலும் ஆம்பியர் குடும்பம் 2020-இனுடையது. ஆயுள் கணக்கில் நான்கு வருஷத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழையதைத்தான் வாங்குவேன் என்றால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். கார்டுக்குள் இருக்கும் பயாஸை மாற்றி வேறு மாடலாகக் காட்டும் போலிகளைப் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று அதுவே பெரும்பாலும் காட்டிவிடும்.

கேள்வி: பாம்பனில் கடலோர வீடு. ஒன்றரை வருஷக் கார்டு, திரை திடீர் திடீரென்று கருப்பாகிறது. டிரைவர் கோளாறா?

பதில்: கம்ப்யூட்டரின் பயாஸ் திரையில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை, அங்கே டிரைவர் ஓடாது) பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் கருப்பானால் டிரைவர் மேல் பழி போட முடியாது. முதலில் மானிட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் செருகும் தங்க நிறப் பற்களை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் அங்கேதான் படலம் கட்டும். காய்ந்த பிறகே செருகுங்கள். பச்சைக் கறை தெரிந்தால், சுரண்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். துரு என்று சொல்லி வாரண்டியை மறுப்பது வழக்கம். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

பயாஸில் கருப்பாகவில்லை என்றால் விண்டோஸின் சேஃப் மோடில் பழைய டிரைவரை முழுதாக அகற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மாதக்கணக்கில் அணைத்தே வைப்பதுதான் மோசம். ஓடும்போது உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை அண்டவிடாது.