அப்பத்தா மடியில் 460 கிலோமீட்டர் வேண்டாம்

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 மாதம். மே மாதம் சென்னையில் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். திருநகரிலிருந்து காரிலேயே போய் வரலாம், ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் பிள்ளை தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்கிறார் என் கணவர். கார் சீட் வாங்கலாமா என்று கேட்டால், "அப்பத்தா மடியை விடப் பத்திரமான இடம் எது?" என்கிறார் மாமியார். கிளம்பும்போது கொஞ்சம் சளி மருந்து கொடுத்தால் தொந்தரவில்லாமல் தூங்குவான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வாந்தி பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்? (வாசகி, மதுரை)

குழந்தைகள் நல மருத்துவர் பதில்:

முதலில் சளி மருந்து. அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூக்கத்தை வரவழைக்கும் இந்த மருந்துகள் சின்னக் குழந்தைகளின் மூச்சையும் மந்தமாக்கக்கூடியவை. புரோமெத்தசின் என்ற மருந்தை 2 வயதுக்குள் தரவே கூடாது. மூச்சு அடங்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சளிக்குப் பரவலாகத் தரப்படும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஓடும் காரில் பிள்ளை தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

அடுத்தது மடி. உங்கள் மாமியாரின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத குழந்தை அதே வேகத்தில் முன்னால் பாயும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து கீழே விழுகிற வேகம் அது. அந்த நொடியில் எந்தக் கையாலும் 11 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. அப்பத்தா பெல்ட் போடாமல் இருந்தால் அவர் எடை முழுவதும் பேரன் மேல்தான் விழும். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டுவது அதைவிட மோசம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் இதற்கு 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை.

ஆகவே சீட் வாங்குங்கள். 20 மாதக் குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும். இந்த வயதில் தலை பெரியது, கழுத்து வலுவில்லாதது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் வேகத்தை முதுகும் தலையும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும், கழுத்துக்கு இழுப்பு வராது. கால் மடங்கியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், பிள்ளைகள் சம்மணம் போட்டு நிம்மதியாக இருப்பார்கள். 2 வயது வரையாவது, சீட்டின் எடை வரம்பு இடம் கொடுத்தால் அதற்குப் பிறகும் அப்படியே இருக்கட்டும். முன் சீட்டில், ஏர்பேக்குக்கு எதிரே இதைப் பொருத்தவே கூடாது. வார் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும்: தோள்பட்டை மேல் இரண்டு விரலால் வாரைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு வந்தால் இன்னும் இறுக்குங்கள்.

சீட்டைப் பயணத்துக்கு முதல் நாள் வாங்கினால் நிச்சயம் அழுவான், நீங்களும் மேலூர் தாண்டுவதற்குள் மனசு கேட்காமல் மடிக்கு எடுத்துவிடுவீர்கள். மூன்று வாரம் முன்னாலேயே வாங்குங்கள். இரண்டு நாள் வீட்டுக் கூடத்தில் வைத்து அதில் உட்கார்ந்து விளையாடட்டும். பிறகு வண்டியூர் தெப்பக்குளம் வரை ஒரு சுற்று, அடுத்த ஞாயிறு அழகர்கோயில். மூன்றாவது நான்காவது தடவை அவனே ஏறி உட்காருவதை என்னிடம் வரும் பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சீட்டை எந்தப் பக்கம் வைப்பது? இடது பக்கப் பின் சீட்டில். நம் ஊரில் ஓரம் கட்டினால் இடது கதவுதான் சாலை ஓரத்தில் திறக்கும், லாரி வரும் பக்கம் நின்று பிள்ளையை இறக்க வேண்டாம். வடக்கே போகும்போது காலை வெயிலும் வலது பக்கம்தான் அடிக்கும். மதியத்துக்கு மேல் அது இடது பக்கம் வந்துவிடும், அதற்கு ஒரு வலைத்திரை போதும்.

ராத்திரி 10 மணிக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தூங்குவான், சரி. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு 2 மணியிலிருந்து 5 மணிக்குள் வருகிற கண்சொக்கல்தான் என் பயம். அவர் சீக்கிரம் படுத்து எழட்டும், அதிகாலை 5 மணிக்குக் கிளம்புங்கள். தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிச் சீட்டில் கட்டிவிடலாம். துவரங்குறிச்சி தாண்டும்வரை பெரும்பாலும் எழமாட்டான். விராலிமலைப் பக்கம் முதல் நிறுத்தம்: டயப்பர் மாற்றி, பல் துலக்கி, இட்லி ஊட்டி, அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அந்தப் பக்கம் மயில்கள் நிறைய, கண்ணில் பட்டால் அவனுக்கு அதுவே போதும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிட வேண்டும். 460 கிலோமீட்டரைப் பெரியவர்கள் ஏழெட்டு மணி நேரத்தில் கடக்கலாம், நீங்கள் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்து ஒரு நாள் முன்னதாகவே கிளம்ப முடிந்தால் திருச்சியிலோ விழுப்புரத்திலோ தங்குங்கள். விசேஷத்தன்று காலையில் போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போட்டால் அந்த அவசரம் ஆக்சிலேட்டரில் தெரியும்.

சாப்பாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சிய பாலை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய் நாலு மணி நேரம் கழித்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பிளாஸ்கில் பால் வெதுவெதுப்பாக இறங்கும்போது அது கிருமி வளர்கிற சூடு. மே மாதத்தில் ஊர்ப் பயணம் முடிந்து வாந்தி பேதியோடு வருகிற குழந்தைகளிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பால் கதையைத்தான். வெந்நீரை மட்டும் பிளாஸ்கில் எடுங்கள், பால்பவுடர் குடிக்கிறவனாக இருந்தால் அவ்வப்போது கலக்குங்கள். இல்லையென்றால் அட்டைப்பெட்டிப் பால், திறந்ததும் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பால் குடிக்கிறவன் என்றால் வேறு எதுவும் வேண்டாம், வண்டியை நிறுத்திக் கொடுங்கள். நல்லெண்ணெய் தடவிய இட்லி மதியம் வரை தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது. சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் இரண்டு சீப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கடலை, பொரி, முழு திராட்சை, முறுக்கு இவற்றை ஓடும் வண்டியில் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்தால் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை சத்தமே போடாது.

வாந்தியைப் பற்றி: 2 வயதுக்குள் பயண வாந்தி அவ்வளவாக வருவதில்லை, 2 முதல் 12 வரைதான் அதிகம். வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். கண் அசையாத திரையைப் பார்க்க, உள்காது வண்டி ஆடுவதைச் சொல்ல, அந்த முரண்பாடுதான் குமட்டல். பலர் முன்கூட்டியே கொடுக்கிற ஒண்டான்செட்ரான் சிரப் இந்த வகை வாந்திக்குப் பலன் தராது. வாந்தி எடுத்தால் வண்டியை நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு, ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் சென்னைக்காகக் காத்திருக்காமல் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

டீ குடிக்க இறங்கும்போது, "தூங்குறான், எழுப்ப வேண்டாம்" என்று அவனைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட. வெயிலில் நிற்கும் காரின் உள்சூடு பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும், குழந்தையின் உடம்பு பெரியவர்களை விடச் சீக்கிரம் சூடாகும். யாராவது ஒருவர் ஏசியோடு உள்ளே இருங்கள், அல்லது அவனையும் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

மாமியாரிடம் சீட்டைப் பற்றிப் பேசும்போது, "அத்தை, நீங்கதான் அவன் பக்கத்துல உட்காரணும்" என்று தொடங்குங்கள். நடு சீட்டில் பெல்ட் போட்டு அவர் உட்காரட்டும். கை எட்டும் தூரத்தில் பேரன் முகம் அவரைப் பார்த்தபடி இருக்கும், கதை சொல்வதும் பாட்டுப் பாடுவதும் அவர் பொறுப்பு. மடியில் வைத்துக் கொஞ்சுவது விராலிமலையில் இறங்கின பிறகு.