லாரிக்கு முன்னால் இருக்கும் இடம்

வணக்கம் சார்,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சேலம் பக்கம். மாதம் இரண்டு முறையாவது காரில் ஊருக்கு வந்து போகிறேன். கிருஷ்ணகிரி தாண்டினால் லாரிக்காரர்களின் ராஜ்ஜியம்தான். வலது லேனை விட்டு இறங்குவதே இல்லை. பாதிப் பேர் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள். ராத்திரியில் விளக்குப் போடாமல் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள். போன மாதம் தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரியை முந்தி அதன் முன்னால் வந்தேன். எனக்கு முன்னே வண்டிகள் மெதுவாகப் போனதால் பிரேக் போட்டேன். அந்த லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இடிப்பதுபோல வந்து, கடைசி நேரத்தில் ஒதுங்கி, என் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. பின் சீட்டில் என் நான்கு வயது மகள். சுங்கச்சாவடியில் அந்த ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். பதிலே பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டான். தப்பு செய்தவன் என்பதால்தானே? வீடியோவை நண்பர்கள் குழுவில் போட்டேன், எல்லாருக்கும் இதே அனுபவம். பகலில் நெடுஞ்சாலையில் லாரிகளைத் தடை செய்யச் சொல்லி ஒரு மனு தயாரிக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். உடைந்த கண்ணாடிக்கு யாரிடம் காசு கேட்பது என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

தம்பி,

பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்? காரில் ஏற அழுகிறாளா? உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லாரி ஹாரன் காருக்குள் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கே வயிறு கலங்கும்.

போன வாரம் தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் வந்தேன், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில். தொப்பூர் கணவாய் இறங்கி முடிப்பதற்குள் மூன்று கார்கள் நீங்கள் செய்ததையே செய்தன. அன்று முதல் என் தாய்மாமா ஞாபகமாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

குடி விஷயம். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் எதை ஓட்டினாலும் கொலைகாரன்தான். உங்கள் குழுவில் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறவர்களையும் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள். விளக்கில்லாமல் நிற்கும் லாரி பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் எனக்கு ஒரு வார்த்தை மறுப்பில்லை. வலது லேன்? விதிப்படி அவர்கள் இடதுபக்கம்தான் போக வேண்டும். ஆனால் நம் ஊர் இடது லேனில் ஒரு நாள் முழுக்க நீங்கள் ஓட்டிப் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் மொபெட், கரும்பு ஏற்றிய டிராக்டர், டீக்கடை முன்னால் பாதி சாலையை அடைத்து நிற்கும் வேன், சர்வீஸ் ரோட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஏறும் ஆட்டோ எல்லாம் அங்கேதான். லோடு வண்டியை ஒவ்வொரு முறையும் வேகம் குறைத்து மறுபடி கியர் கியராக ஏற்ற வேண்டும். எனவே அவன் வலது பக்கம் ஏறினால் இறங்குவதில்லை. தப்புதான், அப்புறம் பேசலாம்.

இப்போது கும்பிட்டதைப் பேசுவோம். 'ஆள்', 'கும்பிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோ எடுத்தீர்களே, அவர் தலைமுடியைப் பார்த்தீர்களா? உங்கள் அப்பா வயது இருக்குமா? சாலையில் எது மோதினாலும் பெரிய வண்டி மேல்தான் பழி என்பது அவருக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி நிற்கும், லோடு தாமதமாகும், அந்த நஷ்டம் யார் படிக்காசில் பிடிக்கப்படும் என்பதும் தெரியும். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காரிலிருந்து இறங்கியவர்கள். நானாக இருந்தாலும் கும்பிட்டிருப்பேன். தயவுசெய்து அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய ஒரு இடம் இருக்கிறது. 'முந்தி அதன் முன்னால் வந்தேன். பிரேக் போட்டேன்.' நடந்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

லாரிக்கு முன்னால் ஒரு இடைவெளி தெரிந்திருக்கும். நாலு கார் நிற்கும் போல இருந்திருக்கும். சும்மா கிடக்கிறது, நுழைந்துவிடலாம் என்று தோன்றும். தம்பி, அது சும்மா கிடக்கவில்லை. அந்த மனுஷன் பத்து நிமிஷமாகப் பொறுமையாகச் சேர்த்து வைத்த இடம் அது. அவருடைய பிரேக்கில் பாதி அவர் காலுக்கடியில் இருக்கிறது, மீதி அந்த இடத்தில் இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழைந்தபோது அந்தப் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் நீங்களே பிரேக்கும் போட்டீர்கள்.

கணக்குப் போடுவோம். எண்பதில் போகும் வண்டி ஒரு விநாடியில் இருபத்திரண்டு மீட்டர் கடக்கும். மூன்று அச்சு லாரிக்கு லோடோடு சேர்த்து 25 டன் என்றிருந்த வரம்பை 2018-இல் 28.5 டன்னாக உயர்த்தினார்கள். உங்களுடையதைப் போன்ற இருபது கார்களை ஒன்றாகக் கட்டி உருட்டிவிட்டதுபோல. அதே 2018-இல்தான் நான்குவழிச் சாலையில் காருக்கு 100, லாரிக்கு 80 என்று வேக வரம்பை ஏற்றி ஒன்றிய அரசு அறிவிக்கை போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அதை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, அதை விடுங்கள்.

என் மாமா சங்ககிரிக்காரர். நாற்பது வருஷம் லாரி ஓட்டினார். 1987 கோடை விடுமுறையில் என்னை ஒரு டிரிப் கூட்டிப்போனார். நாசிக்கிலிருந்து வெங்காய லோடு. அப்போது அது ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, வெறும் இரண்டு வழி. (இப்போது 44.) கேபின் முழுக்க வெங்காய வாசனை, டீசல், மாமாவின் பீடி. இன்ஜின் மூடிமேல் மடித்துப் போட்ட கம்பளிதான் என் சீட், உட்கார்ந்தால் தொடை வேகும். தொப்பூருக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கிளீனர் அண்ணன் ஆப்புக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடதுபக்கக் கதவைத் தாழ் நீக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டேன். "பிரேக் விட்டுப்போச்சுன்னா குதிச்சு டயருக்குக் குடுக்கணும்" என்றார் சாதாரணமாக. அவருக்கு அப்போது பதினேழு வயது இருக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து குதித்துக் கட்டை போட முடியுமா என்று இன்று யோசித்தால் குலை நடுங்குகிறது.

"ஏறுற கியர்லதான் எறங்கோணும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே மாமா கியரை இறக்கினார். இன்ஜின் கத்தியது. வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. பாதி இறக்கத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் எங்களைத் தாண்டி, எதிரே பஸ் வரவும் சடாரென்று எங்கள் மூக்குக்கு முன்னால் நுழைந்து வேகத்தைக் குறைத்தது. மாமா திட்டவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை. இன்னொரு கியர் இறக்கினார். அவர் இடது கை நடுங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பின்கண்ணாடி வழியே ஒரு சின்னப் பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். மாமா பதிலுக்குக் கையாட்டவில்லை. ஆட்டக் கையில்லை.

இன்று அந்த இறக்கத்தில் நடப்பது வேறு. நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். இதைச் செய்கிற டிரைவர்களை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் ஏன் செய்கிறார்கள் என்று கேளுங்கள். டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, அதிகம் ஆனால் அவர் பாக்கெட்டிலிருந்து. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், எடை முழுதும் பிரேக்கின் தலையில். டிரம் சூடேறி லைனிங் பிடிக்காது. லாரி பிரேக் அழுத்திய காற்றில் வேலை செய்வது, மிதித்து மிதித்து விட்டால் டேங்கில் அந்த ஏர் இறங்கும். ஏர் ஏற்றுகிற கம்ப்ரசர் இன்ஜின் ஓட்டத்தில் ஓடுவது. நியூட்ரலில் இன்ஜினே தூங்கி வழியும்போது அது எங்கே ஏற்றும்? 2020 டிசம்பரில் ஒரு சிமென்ட் லாரி அதே கணவாயில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி நான்கு பேர். லாரிகளுக்கு நடுவே சிக்கிய கார் எரிந்தது. ஒவ்வொரு முறையும் டிரைவரைக் கைது செய்கிறார்கள். டீசல் அளந்தவரை யாரும் தேடுவதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது, நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. எந்த லாரி டிரைவரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

உங்கள் பின்னால் வந்தவர் நியூட்ரலில் வந்தாரா, கியரில் வந்தாரா, எனக்குத் தெரியாது. அந்த ஹாரனை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது 'பிரேக் பிடிக்கவில்லை, நகருங்கள்' என்ற கூப்பாடாகத்தான் கேட்கிறது. கடைசி நேரத்தில் ஒதுக்கினார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு எடையை அந்தச் சரிவில் ஒதுக்குவது லேசில்லை, கவிழ்ந்திருக்கலாம். கண்ணாடியோடு போயிற்று.

மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன். பகலில் தடுத்தால் எல்லா லாரியும் ராத்திரி ஓடும், தூக்கக் கண்ணோடு. கண்ணாடிக்கு இன்சூரன்ஸ்காரரிடம் கேளுங்கள், எனக்கு அதில் ஞானம் கிடையாது.

உங்களை இவ்வளவு திட்டியாயிற்று. நான் கார் வாங்கிய புதிதில் மாமாவைச் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவர் வண்டியை விட்டு ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. வழியில் ஒரு டாரஸ் லாரியை முந்தி அதன் முன்னால் சட்டென்று நுழைந்தேன். பக்கத்தில் ஏதோ டொக்கென்று இடித்தது. மாமாவின் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டியிருக்கிறது. விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார்.

"அவன் என்ன லோடு ஏத்தியிருக்கான்னு பாத்தியா கண்ணு?" என்றார்.

நான் பார்க்கவில்லை.