குழந்தை ஞானஸ்நானமும் முன்குறித்தலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் முன்குறித்தல் போதனையை ஏற்கிறவர்கள்தான் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களா? முழுக்கு ஞானஸ்நானக்காரர்கள் எல்லாரும் முன்குறித்தலை மறுக்கிறவர்களா?

இரண்டும் இல்லை. முன்குறித்தல் என்பது, யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை. அதுவும் குழந்தை ஞானஸ்நானமும் தனித்தனி வழக்குகள். ஒன்றில் ஒரு சபை எடுத்த நிலையை வைத்து மற்றதில் அதன் நிலையைச் சொல்லிவிட முடியாது.

கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியர் இரண்டையும் ஏற்கிறார்கள். அவர்களுடைய அடிப்படை ஆவணமாகிய, 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் 3ஆம் அதிகாரம் முன்குறித்தலைப் பேசுகிறது, 28ஆம் அதிகாரம் குழந்தை ஞானஸ்நானத்தை நிலைநாட்டுகிறது. அந்த அறிக்கையையே அடிப்படையாக எடுத்துக்கொண்ட, விசுவாசிகளுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் லண்டன் பாப்டிஸ்டுகள், 1689ஆம் ஆண்டின் பெயரால் அறியப்படும் தங்கள் அறிக்கையில் முன்குறித்தலை வைத்துக்கொண்டு குழந்தை ஞானஸ்நானத்தை நீக்கினார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி செய்தது இதற்கு நேர் எதிர். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களைச் சுருக்கி 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கு அனுப்பியபோது, முன்குறித்தலைப் பற்றிய 17ஆம் பிரமாணத்தை விட்டுவிட்டார், குழந்தை ஞானஸ்நானத்தை விடவில்லை. கால்வினின் முன்குறித்தலை ஏற்காமல், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்து, விசுவாசிகளுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்த பாப்டிஸ்டுகளும் உண்டு. ஜான் ஸ்மித் 1609இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது அந்த வழி.

லூத்தரன் சபை இந்த நான்கு வகையிலும் சரியாக அடங்காது. இரட்சிப்புக்கென்று தெரிந்துகொள்ளுதல் (தேவன் சிலரைத் தெரிந்தெடுப்பது) உண்டு, ஆக்கினைக்கென்று (தண்டனைக்கென்று) முன்குறித்தல் இல்லை என்பது அவர்களுடைய விசுவாச ஆவணமாகிய 1577ஆம் ஆண்டு கான்கார்டு உடன்பாட்டின் 11ஆம் பிரிவு. தர்க்கப்படி ஒன்றைச் சொன்னால் மற்றதும் வருமே என்று கேட்டால், வேதம் நிறுத்துகிற இடத்தில் நாங்களும் நிறுத்துகிறோம் என்பார்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வேதத்தில் ஒரு வசனம் காட்ட முடியுமா?

நேரடியாக ஒன்றும் இல்லை. கொடுக்கக் கூடாது என்ற வசனமும் இல்லை. அதனால்தான் வழக்கு 500 ஆண்டுகளாக நடக்கிறது.

முதலில் எடுத்துப்போடப்படுவது "வீட்டார்" வசனங்கள்: லீதியாள் (அப்போஸ்தலர் 16:15), சிறைச்சாலைக்காரன் (16:33), ஸ்தேவான் வீட்டார் (1 கொரிந்தியர் 1:16). இவற்றை நம்பி வாதாடப் போனால் பாதியில் நின்றுவிடுவீர்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததாக எங்கும் இல்லை. சிறைச்சாலைக்காரனுடைய வீட்டார் அனைவருக்கும் வசனம் போதிக்கப்பட்டதாக 32ஆம் வசனம் சொல்கிறது. ஸ்தேவான் வீட்டார் ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் என்று அதே நிருபத்தின் 16:15 சொல்கிறது. அப்போஸ்தலர் 2:39ஐ எடுப்பவர்களும் "உங்கள் பிள்ளைகளுக்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கர்த்தர் வரவழைக்கும் யாவருக்கும் என்று முடிகிற பின்பாதியை எதிர்த்தரப்பு வாசித்துக் காட்டும்.

வாதத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 17இல் ஆபிரகாமுடன் செய்த உடன்படிக்கையின் அடையாளமாகிய விருத்தசேதனம் எட்டாம் நாள் குழந்தைக்கே செய்யப்பட்டது. கொலோசெயர் 2:11-12 விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. உடன்படிக்கை ஒன்றே, அடையாளம் மட்டுமே மாறியது என்றால் பிள்ளைகளை வெளியே தள்ள புதிய கட்டளை வேண்டும், அப்படி ஒன்று வரவில்லை. சூரிச் நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி தொடங்கி கால்வின் கட்டி முடித்த வாதம் இது. பாப்டிஸ்ட் தரப்பின் சரியான பதில் எரேமியா 31:34. புது உடன்படிக்கையில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் கர்த்தரை அறிவார்கள் என்றால், அறியாதவரை அதன் உறுப்பினராகப் பதிவதெப்படி? பழைய, புதிய உடன்படிக்கைகளுக்கு இடையே தொடர்ச்சி எவ்வளவு, முறிவு எவ்வளவு என்பதைத் தீர்க்காமல் தண்ணீரைப் பற்றி எத்தனை வசனம் எறிந்தாலும் பயனில்லை.

பாப்டிஸ்டுகள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" (மாற்கு 16:16) என்பதைக் குழந்தைக்குப் பொருத்தினால், விசுவாசியாதவன் ஆக்கினைக்குள்ளாவான் என்ற அடுத்த வரியையும் பொருத்த வேண்டிவரும். வேலைசெய்யாதவன் சாப்பிடக் கூடாது என்ற வசனத்தைக் காட்டிக் குழந்தைக்குப் பால் நிறுத்துவீர்களா என்று கால்வின் இதே போக்கில் மடக்கினார்.

வரலாற்றுச் சாட்சியும் இரு தரப்புக்கும் பாதிப் பாதிதான். சுமார் கி.பி. 200இல் வட ஆப்பிரிக்கச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் குழந்தை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார். ஆக வழக்கம் அப்போதே இருந்தது, கேள்வியும் இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானும் அவரோடு கூடிய ஆயர்களும் எட்டாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று தீர்ப்பளிக்கிறார்கள்.

கேள்வி: ஞானஸ்நானம் பெறாமலே குழந்தை இறந்துவிட்டால்? தெரிந்துகொள்ளப்பட்டதா என்று எப்படி அறிவது?

லூத்தரும் கால்வினும் பிரியும் இடம் இது. ஞானஸ்நானம் பாவமன்னிப்பையே கொடுக்கிறது என்பதால், உயிர் ஊசலாடும் குழந்தைக்கு மருத்துவச்சியும் கொடுக்கலாம் என்பது லூத்தரன் வழக்கம். கால்வின் அதை அடியோடு எதிர்த்தார். வாக்குத்தத்தம் பிறக்குமுன்பே குழந்தைக்கு உரியது, ஞானஸ்நானம் அதன்மேல் இடும் முத்திரைதான். முத்திரை தவறினால் வாக்குத்தத்தம் செல்லாமல் போகாது.

வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை இதை இரண்டு வரியில் கட்டுகிறது: ஞானஸ்நானத்தை அலட்சியம் செய்வது பெரிய பாவம், ஆனாலும் அது இல்லாமல் இரட்சிப்பே இல்லை என்ற அளவுக்கு அதோடு பிணைக்கப்படவில்லை (28:5). அதன் பலன் கொடுக்கப்படும் அந்த நேரத்தோடும் கட்டப்படவில்லை (28:6). 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய கால்வினியச் சபைகளின் டார்ட் மன்றம் எழுதிய நியமங்களின் முதல் பகுதி, 17ஆம் பிரிவு பெற்றோருக்கே எழுதப்பட்டது. சிசுவாக இறந்த பிள்ளையின் தெரிந்துகொள்ளுதலைப் பற்றித் தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்கிறது. முன்குறித்தலைக் கொடூரமான கொள்கை என்பவர்கள் இந்தப் பிரிவை அநேகமாக வாசித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது சேர விரும்பும் சபை மறுபடி எடுக்கச் சொல்கிறது. செய்யலாமா?

அவர்கள் கணக்கில் அது "மறுபடி" இல்லை, உங்களுக்கு நடந்தது ஞானஸ்நானமே இல்லை. உங்கள் பழைய சபையின் கணக்கில் இது அதே காரியத்தை இரண்டாம் முறை செய்வது. சூரிச்சில் 1525 ஜனவரி 21 அன்று கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளௌராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எழுந்த தகராறு இதுவே. அவர்களுடைய தோழர் பெலிக்ஸ் மான்ஸை மறுபடி ஞானஸ்நானம் கொடுத்ததற்காக 1527 ஜனவரி 5இல் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

முடிவெடுக்குமுன் பழைய ஞானஸ்நானத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், அவசரத்தில் வீட்டில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைச் சரிபார்க்க வைத்த கேள்விகள் இன்றும் உதவும்: யார் கொடுத்தார், யார் உடனிருந்தார், எதைக்கொண்டு, எந்த வார்த்தைகளால்? தண்ணீரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால் செல்லும். தெளிவான பதில் இல்லையென்றால், "நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று நிபந்தனை சேர்த்துக் கொடுக்க அதே புத்தகம் வழிசெய்கிறது.

தண்ணீரும் நாமமும் சரியாக இருந்து, அப்போது நீங்கள் விசுவாசிக்கவில்லை என்பது மட்டுமே தடை என்றால், அது மேலே சொன்ன உடன்படிக்கை வழக்கு. எரேமியா 31:34 வாதம் உங்களை உறுதியாக இணங்கவைத்தால் எடுங்கள். உறுப்பினர் அட்டைக்காக எடுக்காதீர்கள். இதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்காத பாப்டிஸ்ட் சபைகளும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஜான் பனியன் மேய்த்த பெட்ஃபோர்டு சபை இரு சாராரையும் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: "கால்வினின் ஐந்து குறிப்புகள்" எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன?

கால்வின் எழுதிய எதிலும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. அவர் 1564இல் இறந்தார். கால்வினியரின் முன்குறித்தல் போதனையை எதிர்த்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610இல் ஐந்து பிரிவுகளாக ஆட்சேபம் எழுதினார்கள். 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிய டார்ட் மன்றம் அதே வரிசையில் பதில் சொன்னது. அதிலும் மூன்றாவதும் நான்காவதும் சேர்த்தே எழுதப்பட்டன. அந்த ஐந்தையும் குறிக்க ஆங்கிலத்தில் TULIP என்று ஒரு பூவின் பெயராக வரும் சுருக்கெழுத்து 20ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. விசுவாசி இரட்சிப்பிலிருந்து விழுந்துபோக முடியுமா என்பதில் 1610 ஆட்சேபம் முடிவு சொல்லாமல், இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டிருந்தது.