பரணில் துப்பாக்கி, பூசையறையில் வாள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஆயுதங்களைப் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. குதிரை (விசையை இழுத்தால் அடிக்கும் சுத்தி) உடைந்துவிட்டது, குழல் துருப்பிடித்திருக்கிறது. திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கி என்று அப்பா சொல்வார். பழுது பார்த்துக் கூடத்தில் மாட்டி வைக்கலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: பழுது பார்க்க வேண்டாம். அதற்கும் முன்னதாக, குழல் காலியாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கடந்தும் வீரியம் குறையாது. கடைசியாக அதைக் கெட்டித்தவர் சுடாமலே பரணில் வைத்திருக்கக்கூடும். ஆகவே துருவை நீக்குவதற்காகக் குழலைத் தட்டுவதும், நெருப்பில் காட்டுவதும், துளையில் கம்பி விட்டுக் குடைவதும் உயிருக்கே ஆபத்து. விவரம் தெரிந்தவர்கள் ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, அந்த அளவைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்துக்குத் தீ எட்டும் துளைக்கு முன்பாகவே குச்சி நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைக் காவல்துறையினரோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியோ செய்யட்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதங்களுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும்கூட அது துப்பாக்கியாகப் பயன்படாது என்ற நிலையில் இருந்தால் மட்டுமே அந்த விலக்கு செல்லும். புதிய குதிரை பொருத்தினால் சுடும் என்றால், அது இன்றைக்கும் துப்பாக்கியே. உரிமம் இன்றி வைத்திருப்பது 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். விலக்கு பொருந்துமா என்பதை வீட்டில் இருந்தபடி நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு காவல் நிலையத்துக்கு எழுத்து மூலமாகத் தகவல் கொடுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய் நிற்காதீர்கள்.

காலத்தைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. 1767 முதல் 1792 வரை, நம் வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் மைசூர்ப் படைகளும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளும் மாறி மாறி நடமாடிய நிலம். இராயக்கோட்டையைக் கம்பெனிப் படை 1791-இல் பிடித்தது. ஆனால் உங்கள் துப்பாக்கியின் விசைப்பொறியைக் கவனியுங்கள். கேப்பு (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) மாட்டுவதற்கான சிறிய முலை போன்ற குழாய் இருந்தால், அந்த முறை பரவியது 1830-களுக்குப் பிறகு. திப்பு 1799-இலேயே மறைந்துவிட்டார். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் பழைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் கேப்பு முறைக்கு மாற்றியதும் உண்டு. அப்படி மாற்றியிருந்தால், விசைப்பொறித் தகட்டில் பழைய மருந்துக் கிண்ணமும் அதன் வில்லும் இருந்த இடத்தில், இரும்பால் அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் வட்டம் வட்டமாகத் தெரியும். அடைபட்ட துளை ஒவ்வொன்றும் ஒரு சான்று. புதுக் குதிரை போட்டு, தகட்டை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், அந்தச் சான்றும் போய்விடும், சட்டத்தின் விலக்கும் போய்விடும்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகக் கொல்லர்கள். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய திரித் துப்பாக்கியைப் போல ஒன்றை எங்கள் பட்டறையில் செய்து கண்காட்சியில் வைக்க ஆசை. வாளும் ஈட்டியும்கூட அடித்துத் தரக் கேட்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: சுடக்கூடிய துப்பாக்கி எந்தக் காலத்து அமைப்பில் இருந்தாலும், உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். போலித் துப்பாக்கியைச் சுடும்படி மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். கண்காட்சிக்கு மரத்தால் ஆன குழலை, துளையே இடாமல் செய்யுங்கள். திரியைப் பிடிக்கும் கொக்கி எப்படி இறங்குகிறது என்பதைக் காட்ட அதுவே போதும்.

வாள், ஈட்டி விஷயத்தில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரிய கருவிகள் மட்டும் விலக்கு. அரிவாளும் கொடுவாளும் அடிப்பவர் வாளும் அடிக்கலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கூர் இல்லாத கோயில் வேல், நாடக வாள் என்று வேலை வந்தாலும், என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள் என்று எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். இரும்பின் பதம் அறிந்த கைகள் இன்று குறைந்து வருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்த மண்ணின் தொழிலைச் செய்பவர் வழக்கில் சிக்கி முடங்கக் கூடாது என்பதாலேயே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கம்பெனிக் காலத்துத் துப்பாக்கி என்று ஒருவர் விலை சொல்கிறார். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், அரூர்

பதில்: முதலில் உரிமத்தைக் கேளுங்கள், பழம்பொருள் வியாபாரம் செய்வதற்கும் உரிமம் வேண்டும். பிறகு விசைப்பொறித் தகட்டைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய சின்னம், தலையில் 4 என்ற எண்ணைப் போன்ற குறியுள்ள இதய வடிவம்; 1808 முதல் கிரீடம் தாங்கிய சிங்கம் வந்தது. இதயச் சின்னத்தோடு 1820 என்று ஆண்டு பொறித்திருந்தால் ஐயப்படுங்கள். அமிலம் ஊற்றி வரவழைத்த துரு எங்கும் ஒரே சீராக இருக்கும். உண்மையான பழமை அப்படி இராது. கைபட்ட இடம் வழவழப்பாகக் கருத்தும், மருந்து எரிந்த துளையோரம் அரித்தும், கட்டைக்குள் மறைந்த பகுதி வேறு நிறத்திலும் இருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதக்கூடத்திலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அவற்றை ஒரு நாள் முழுதும் பாருங்கள். நூறாண்டைக் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: உழும்போது துருப்பிடித்த வாள்துண்டு கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பர்கூர்

பதில்: கூடாது. கழுவாமல், கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கேள்வி: எங்கள் பூசையறையில் பரம்பரை வாள் இருக்கிறது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறோம். இருந்தும் துரு வருகிறதே?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: அம்மா, தேய்ப்பதனால்தான் வருகிறது. புளியின் அமிலம் இரும்பைத் தின்கிறது. சாம்பல் பரப்பைக் கீறுகிறது. கீறலில் ஈரம் தங்குகிறது. உங்கள் வாளின் பிடியை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய கைவினைஞர்கள் இரும்பின் மேல் மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டிப் பதிப்பார்கள். கொடியோ பூவோ இருந்த இடத்தில் இன்று வெறும் கோட்டு வலை மட்டும் தெரிந்தால், வெள்ளி தேய்ந்து போய்விட்டது என்று பொருள். அந்த வலையாவது மிஞ்சட்டும். அலகில் நீரலை போன்ற வரி தெரிந்தால் அது மூசையில் (உலோகம் உருக்கும் மண் கலத்தில்) உருக்கிய எஃகாக இருக்கலாம். உப்புத்தாள் பட்டால் அந்த வரி மறைந்துவிடும்.

ஆயுதத்துக்கு எண்ணெய் பூசுவது நம்முடைய பழைய வழக்கமே. தகடூர் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி (மயில் தோகை) அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் இருந்ததைப் பாடியிருக்கிறார். நீங்கள் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகத் தையல் மெஷின் எண்ணெயை மென்மையான பருத்தித் துணியில் தொட்டு, அலகில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிரும் துருவை மட்டும் அதே துணியால் ஒற்றி எடுங்கள். கருத்து இறுகிய பழுப்பு நிறத்தைத் தொட வேண்டாம், அது வாளின் வயது. வியர்வையின் உப்பு படாதபடி கையுறை அணிந்து எடுங்கள். குங்குமமும் சந்தனமும் வாளில் இடாமல், அதை வைக்கும் பலகையில் இடலாம். தோல் உறையில் உள்ள அமிலமும் ஈரமும் அலகை அரிப்பதால், வாளையும் உறையையும் எப்போதும் தனித்தனியாகவே வையுங்கள்.